இருபத்துமூன்று திருத்தங்கள்

தேத்தண்ணி நேரத்தில் யாராவது பகிடி சொன்னால், எல்லோரும் சிரித்து முடியும்வரை அவர் பொறுத்திருப்பார். பிறகு கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, அந்தப் பகிடியை முதலில் சொன்னது யார், எந்தக் கிழமை, எந்த மெஷினடியில் என்று சொல்வார். சொன்னவனின் முகம் சுருங்கிப்போகும். அது அவருக்குப் பொருட்டில்லை. உரியவனுக்கு உரியது போய்ச் சேர்ந்தது என்ற நிம்மதியோடு மறுபடியும் கோப்பையை எடுப்பார்.

எங்களோடு மன்னாரைச் சேர்ந்த ஒரு அக்கா வேலை செய்தார். ஒருநாள் மீன் கட்லற் செய்துகொண்டு வந்தார். எல்லோரும் புகழ்ந்தார்கள். இவர் இரண்டைச் சாப்பிட்டுக் கையைத் துடைத்துவிட்டு, "உது உங்கட மச்சாளின்ர கைப்பக்குவம் எல்லோ. அவவிட்டைப் பழகினது எண்டு போன மாசம் நீங்கள்தான் சொன்னனீங்கள்" என்றார்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓம் சேர். மீனைப் பிடிச்சது ஆர் எண்டும் விசாரிச்சுச் சொல்லுறன். அதையும் எழுதி வையுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் தலையாட்டினார். அக்கா உண்மையாகவே விசாரித்துச் சொல்வார் என்று நினைத்திருப்பார்.

இது ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் என்ற ஊரில் இருந்த ஒரு புத்தகம் கட்டும் தொழிற்சாலையில். அச்சடித்த பெரிய தாள்கள் எங்களிடம் வரும். மெஷின் அவற்றைப் பதினாறு பக்க மடிப்புகளாக மடித்துத் தள்ளும். மடிப்புகளை வரிசையாக அடுக்கி, முதுகில் பசை பூசி, அட்டை போட்டால் புத்தகம். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். தமிழ் வாசிப்பேன். ஆங்கிலத்தில் எழுத்துகளைக் கூட்டுவேன், அவ்வளவுதான். ஆனால் மடிப்பு அடுக்குவதற்கு வாசிக்கத் தெரியவேண்டியதில்லை. ஒவ்வொரு மடிப்பின் முதுகிலும் ஒரு சின்னக் கறுப்புக் கட்டை அச்சடித்திருக்கும். முதல் மடிப்பில் மேலே இருக்கும், அடுத்ததில் கொஞ்சம் கீழே, அதற்கடுத்ததில் இன்னும் கீழே. அடுக்கி முடித்து முதுகைப் பார்த்தால் படிக்கட்டுப் போல இறங்கும். ஒரு மடிப்பு விட்டுப்போனால் படி ஒன்று காணாமற்போகும். தூரத்தில் நின்றே சொல்லிவிடுவேன்.

அவர் வேலைக்கு வந்த முதல் வாரம் நான் அப்படிப் படி பிசகிய ஒரு அடுக்கைப் பிடித்து வெளியே போட்டதைப் பார்த்தார். பக்கத்தில் வந்து நின்றார்.

"நீர் ஒரு எழுத்தும் வாசிக்காமல் புத்தகத்திலை பிழை பிடிக்கிறீர். நான் முப்பது வருசம் வாசிச்சுப் பிடிச்சனான்."

எனக்குப் பேச்சுக் குறைவு. ஆனால் அன்றைக்கு முழுக்கக் காது சூடாகவே இருந்தது.

அவர் இலங்கையில் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்தவர். பழைய பாரசீகமும் சமஸ்கிருதமும் படித்தவர். பாரசீகம் என்றால் இன்றைக்கு ஈரான். ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முந்திய அந்த மனிதர்களும் இந்தியாவின் பழைய மனிதர்களும் வானத்தைப் பார்த்து என்ன எழுதிவைத்தார்கள், எதற்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதுதான் அவருடைய படிப்பு. அந்தப் படிப்புக்கு ரொறன்ரோவில் ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. சில வருடம் ஒரு கட்டடத்தின் வாசலில் காவலுக்கு நின்றார். புத்தகம் கையில் படும் என்பதற்காகத்தான் சம்பளம் குறைந்த எங்கள் இடத்துக்கு வந்ததாகச் சொன்னார். தொழிற்சாலையில் எல்லோரும் அவரைச் சேர் என்றோம். பாதிப் பேர் பகிடிக்கு, நான் உண்மையாக.

இருவரும் ஸ்காபரோவில் இருந்ததால் ஒன்றாகவே இரண்டு பஸ் மாறிப் போவோம். அவர் பேச, நான் கேட்பேன். ஒருநாள் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பஸ் வரவில்லை. அவர் பாரசீகரின் ஒரு நட்சத்திரத்தைப் பற்றிச் சொன்னார். அது வெள்ளைக் குதிரையாக மாறி மழைக்காகக் கடலில் இறங்கும். வறட்சி கறுப்புக் குதிரையாக வந்து எதிர்க்கும். முதற் சண்டையில் வெள்ளைக் குதிரை தோற்றுவிடும். ஏன் தோற்றது என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். மனிதர்கள் அதைப் பெயர் சொல்லிக் கும்பிடவில்லை, அதனால் பலம் குறைந்துவிட்டது என்றார். சொல்லிவிட்டு வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூக்கு நுனியில் தண்ணீர் நின்றது. துடைக்கவில்லை.

இன்னொரு நாள், எங்கள் தேவர்கள் பாரசீகருக்குப் பேய்கள் என்றும், எங்கள் அசுரரின் பெயர்தான் அங்கே ஆண்டவனின் பெயர் என்றும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் இரண்டு சகோதரர்கள் காணிச் சண்டையில் பிரிந்து ஒரே ஒழுங்கையில் ஆளுக்கொரு கோயில் கட்டினார்கள். ஒருவன் கும்பிடுவதை மற்றவன் முனி என்பான். அதைச் சொன்னேன். "பங்காளிச் சண்டை போலக் கிடக்கு சேர்."

அவர் உடனே சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து எழுதினார். என் முழுப்பெயரைக் கேட்டார். தகப்பன் பெயர், ஊர், எல்லாம் கேட்டார். பிறகொரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய பேஸ்மென்ற் அறைக்குப் போனபோது சப்பாத்துப் பெட்டிகள் நிறைய அப்படியான அட்டைகளைப் பார்த்தேன். மனைவி இறந்துவிட்டார், மகன் பக்கத்து ஊரான விட்பியில் இருந்தான். அந்த அறையில் அவரும் அட்டைகளும்தான். ஒரு அட்டையில் என் பெயர் இருந்தது. இந்த நாட்டுக்கு வந்தபிறகு என் பெயரை எழுதியவர்கள் இமிகிரேஷன்காரரும் சம்பளம் போடும் கந்தோரும் மட்டும்தான். அந்த அட்டைக்காக நான் எதையும் செய்திருப்பேன். செய்தும்விட்டேன்.

அவருக்கு நடந்ததையும் அந்த அறையில்தான் சொன்னார்.

இந்தியர் சந்திரன் போகும் பாதையை வீடுகளாகப் பிரித்தார்கள். அசுவினி, பரணி என்று நாங்கள் சாதகம் எழுதுகிற நட்சத்திரங்கள் அவைதான். இப்போது இருபத்தேழு என்கிறோம், பழைய கணக்கொன்றில் இருபத்தெட்டு. பாரசீகரிடமும் அப்படி ஒரு பட்டியல் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எதற்குச் சமன், யார் முதல் சொன்னது, யார் யாரிடம் வாங்கியது என்று பார்த்தார். பன்னிரண்டு வருட வேலை. முந்நூறு பக்கம் தட்டெழுத்தில் அடித்து வைத்திருந்தார். அப்போது வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். இவரது வீட்டில் தங்கிச் சாப்பிட்டார். வாசித்துக் கருத்துச் சொல்கிறேன் என்று முந்நூறு பக்கத்தையும் கொண்டுபோனார். கருத்து வரவில்லை. எழுதிய கடிதங்களுக்குப் பதிலும் வரவில்லை. பிறகு நாடு குழம்பியது, இவரும் கிளம்பிவிட்டார். ரொறன்ரோவில் ஒரு நூலகத்தில் அந்தப் பேராசிரியரின் கட்டுரை ஒன்றைக் கண்டார். இவருடைய பக்கங்களின் ஒரு துண்டு அப்படியே கிடந்தது. கடைசியில் ஊரில் உதவிய ஆட்களுக்கு நன்றி என்று ஒரு வரி.

"பெயர்கூட இல்லை" என்றார். "ஆக்கள் எண்டு போட்டிருக்கிறான். ஆக்கள்."

அவர் வாயில் கெட்ட வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அன்றைக்கும் வரவில்லை. அந்த 'ஆக்கள்' என்ற சொல்லைச் சொன்ன விதம்தான் கெட்ட வார்த்தையாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை அடுக்கு மேசையில் அவருடைய கை நின்றுவிட்டது. மடிப்புகள் பின்னால் குவிந்தன. நான் ஓடிப்போய் மெஷினை நிறுத்தினேன். அவர் ஒரு மடிப்பை விரித்து வைத்துக்கொண்டு விரலால் எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஆறாவது இல்லை" என்றார். "இதிலையும் ஆறாவது இல்லை."

பிறகு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்.

மத்தியானம் லொறி ஏற்றுமிடத்தில் நின்று விளங்கப்படுத்தினார். அது அந்தப் பேராசிரியரின் புத்தகம். முந்நூறு பக்கமும் இப்போது புத்தகமாகி, எங்கள் கையால் கட்டப்படுவதற்கு வந்திருந்தது. ஆனால் பக்கங்களைக் கொடுத்த காலத்தில் இவரிடம் இருந்த பாரசீகப் பட்டியலின் பிரதியில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. ஆறாவது வீட்டின் பெயர். அது தெரியாமல் ஏழாவதை ஆறாவதாக வைத்து, அப்படியே கடைசிவரை பொருத்திவிட்டார். கடைசிக்கு வந்தபோது ஒன்று குறைய, ஏதோ ஒரு சமாதானம் எழுதி இட்டு நிரப்பினார். பிறகு வேறொரு பிரதி கிடைத்தபோதுதான் பிழை தெரிந்தது. அதற்குள் பக்கங்கள் கடல் கடந்துவிட்டன.

எனக்கு அது உடனே விளங்கியது. மடிப்பு ஒன்று விட்டுப்போனால் அதற்குப் பிறகு வருகிற எல்லாப் படியும் பிசகும். ஆறு முதல் இருபத்தெட்டு வரை. இருபத்துமூன்று பிழை.

"என்ர பிழையளையும் சேத்துக் களவெடுத்திருக்கிறான். சரிபாக்கவும் தெரியாத கள்ளன்."

"அப்பிடியே விடுங்கோவன் சேர். தெரிஞ்சவை பாத்து அவரைச் சிரிக்கட்டும்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "பிழை என்ரது. அதை எப்பிடி விடுறது?"

அதன்பிறகுதான் தன் திட்டத்தைச் சொன்னார். சில புத்தகங்களுக்கு அச்சடித்த பிறகு பிழைதிருத்தத் தாள் வரும். கையகலத் துண்டு. அதன் ஓரத்தில் மெல்லிய கோடாகப் பசை தடவி முதல் பக்கத்தில் ஒட்டவேண்டும். அந்த வேலை என்னுடையது. தாளை அவர் அடித்துத் தருவார். நான் ஒட்டவேண்டும். திறந்தவுடன் இருபத்துமூன்று பிழை என்று பல்லைக் காட்டுகிற புத்தகத்தோடு அந்தப் பேராசிரியர் உலகத்தின் முன்னால் போய் நிற்கவேண்டும்.

கந்தோரிலிருந்து உத்தரவு வராமல் ஒரு துண்டு ஒட்டினாலும் வேலை போய்விடும். எனக்கு வேலை என்பது வேலை மட்டுமல்ல. மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் வவுனியாவில் ஒரு முகாமில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதற்கு நிரந்தர வேலை என்று முதலாளி எழுதிய கடிதம் வேண்டும் என்று வழக்கறிஞர் கேட்டிருந்தார். மூத்தவளுக்குப் பதினெட்டு நடந்துகொண்டிருந்தது. பத்தொன்பது என்ற எல்லையைத் தாண்டினால் பிள்ளை என்ற கணக்கில் கூப்பிட முடியாது. இது முழுவதும் அவருக்குத் தெரியும். நானே சொல்லியிருந்தேன்.

ஆனாலும் ஒட்டச் சம்மதித்தேன். அட்டையில் எழுதிய பெயர் ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. ஐந்தாம் வகுப்பில் நான் வரைந்த படம் ஒன்றை எங்கள் தலைமை வாத்தியார் தன் மருமகனின் பெயரில் போட்டிக்கு அனுப்பினார். அதற்குப் பரிசு கிடைத்தது. பரிசு கொடுத்த அன்று என்னைக் கதிரை அடுக்க விட்டார்கள். அடுத்த வருடம் நான் பள்ளிக்குப் போகவில்லை. முப்பத்தைந்து வருடமாக அந்த வாத்தியாரின் முகத்தை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்தப் பேராசிரியருக்கு அந்த முகத்தை வைத்துப் பார்த்தேன். அளவாகப் பொருந்தியது.

ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். அவ்வளவு துணிந்து நான் யாரோடும் பேசியதில்லை.

"பெயர் இருந்தா ஒட்டமாட்டன் சேர். உங்கட பெயரும் வேண்டாம், என்ர பெயரும் வேண்டாம். தாளிலை மட்டுமில்லை, வாயிலையும் வரக்கூடாது."

பஸ் இரண்டு தரிப்புத் தாண்டும்வரை அவர் பயணச்சீட்டை மடித்து மடித்து விரித்தார். பிறகு, "சரி" என்றார். பல்லுப் பிடுங்கியவரைப் போல இருந்தது முகம்.

எழுநூறு பிரதி. ஒன்றரை நாள் ஒட்டினேன். வேலையை மேற்பார்க்கும் போர்மன் ஒரு வயதான இத்தாலியர், இரண்டு தடவை வந்து பார்த்தார். கந்தோர் அனுப்பிய தாள் என்று நினைத்து, நேராக ஒட்டுகிறேன் என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். நான் நிறுத்தவில்லை. ஒவ்வொரு தாளின் ஓரத்தையும் விரலால் அமுக்கும்போது அந்த வாத்தியாரின் நெற்றியில் ஒட்டுவதாக நினைத்துக்கொண்டேன். அது எழுநூறு தடவை இனித்தது. பொய் சொல்லவில்லை. பெட்டிகளில் போட்டு லொறியில் ஏற்றிவிட்டோம். அன்று பின்னேரம் பஸ்ஸுக்குப் போகும் வழியில் அவர் எனக்கு ஒரு பாதாம் இனிப்பு வாங்கித் தந்தார்.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. வேலைக்கடிதம் அடுத்த வெள்ளிக்கிழமை தருவதாகக் கந்தோரில் சொன்னார்கள். அந்த நேரத்தில்தான் பேராசிரியர் ரொறன்ரோவுக்கு வந்து அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசப்போகிறார் என்ற அறிவித்தலை அவர் நூலகத்தில் கண்டார். சனிக்கிழமை பின்னேரம், எல்லோரும் வரலாம் என்று போட்டிருந்தது.

"நீரும் வாரும்" என்றார். "அவன்ர முகம் போறதைப் பாக்க ஒரு சாட்சி வேணும்."

பழைய கோட்டுப் போட்டுக் கழுத்துப்பட்டியும் கட்டியிருந்தார். நான் இருந்ததில் நல்ல சேர்ட்டைப் போட்டுக்கொண்டேன். பெரிய மண்டபம். ஐம்பது அறுபது பேர். கடைசி வரிசைக்கு முந்திய வரிசையில் இருந்தோம். பேராசிரியர் வெள்ளைத் தாடி வைத்த சாந்தமான மனிதர். என் வாத்தியாரின் முகம் அவருக்குப் பொருந்தவே இல்லை. அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

தலைமை வகித்த பெண்மணி எழும்பிப் புத்தகத்தை உயர்த்திக் காட்டினார். நான் ஒட்டிய துண்டு நாக்குப் போலத் தொங்கியது. அதை விரலால் தொட்டு ஏதோ சொன்னார். ஆட்கள் கைதட்டினார்கள். எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் பார்த்தேன். அவருடைய கழுத்துப்பட்டி மேலும் கீழும் போய்வந்தது.

"என்ன சேர்?"

"தன்ர பிழையைத் தானே தேடிப் பிடிச்சு, புத்தகம் வெளியிலை போக முந்தியே ஒத்துக்கொண்டாராம். இப்பிடி நேர்மையான ஆராய்ச்சியாளரைக் காண்கிறது அரிதாம்."

பேராசிரியர் இல்லை என்று சொல்லவில்லை. நெஞ்சில் கையை வைத்துத் தலையைக் கொஞ்சம் சரித்தார். கைதட்டல் கூடியது. பதிப்பகத்தார் செய்ததென்று அவரும், அவர் செய்ததென்று பதிப்பகத்தாரும் நினைத்திருப்பார்கள். இருபத்துமூன்று பிழையோடு வெளியே போயிருக்கவேண்டிய புத்தகம், நாங்கள் இரண்டு பேரும் மினக்கெட்டதால் ஒரு பிழையும் இல்லாத புத்தகமாகிவிட்டது. பழிவாங்க வந்தவர் எதிரியின் கணக்கைத் திருத்திக் கொடுத்திருந்தார். வேறு எவனாக இருந்தாலும் தாளில் கள்ளன் என்று எழுதியிருப்பான். இவர் சரியான விடையை எழுதினார்.

இந்த இடத்தில் நான் அவருடைய கோட்டைப் பிடித்தேன். அவர் எழும்பப்போகிறார் என்று தெரிந்துவிட்டது. என் கையைத் தட்டிவிட்டு எழும்பினார்.

ஆங்கிலத்தில்தான் பேசினார். நிதானமாக, வகுப்பெடுப்பது போல. தன் பெயரைச் சொன்னார். ஆறாவது வீட்டைப் பற்றி ஏதோ சொன்னார். மண்டபம் அமைதியாகியது. பிறகு என் பக்கம் கையை நீட்டினார். அவர் பேசியதில் எனக்கு முழுதாக விளங்கியது அதற்குப் பிறகு வந்ததுதான். என் பெயர். என் தகப்பனின் பெயர். என் ஊர். நாங்கள் வேலை செய்யும் தொழிற்சாலையின் பெயர்.

எல்லோரும் திரும்பினார்கள். பெயர் கூப்பிட்டால் எழும்பி நிற்கவேண்டும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பழக்கியிருந்தார்கள். நான் எழும்பி நின்றேன்.

பேராசிரியர் கெட்டிக்காரர். இவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்து, கையைக் கூப்பி, நன்றி என்றார். அந்தச் சொல் எனக்குத் தெரியும். பெண்மணி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் எப்போது கதிரையில் இருப்பது என்று தெரியாமல் நின்றேன்.

சப்வேயில் அவர் சன்னல் பக்கம் திரும்பியபடியே இருந்தார். இறங்கும் இடம் வரும்போது ஒன்று மட்டும் சொன்னார்.

"உமக்கு நன்றி சொன்னான்."

அதைச் சொன்ன குரலில் பொறாமை இருந்தது.

திங்கட்கிழமை காலை போர்மன் என்னைத் தேடி வந்தார். பதிப்பகத்தார் மண்டபத்தில் இருந்திருக்கிறார்கள். முதலாளிக்குத் தொலைபேசி வந்துவிட்டது. போர்மன் நல்ல மனிதர். பாதிச் சொல்லும் பாதிக் கையுமாக எனக்கு ஒரு வழி சொன்னார். தாள் கந்தோரிலிருந்து வந்த கட்டோடு இருந்தது, எனக்கு வாசிக்கத் தெரியாது, ஒட்டினேன். அவ்வளவுதான். கட்டுக்குள் வைத்தது தான்தான், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சேர் சொல்லிவிட்டால் முதலாளி என்னை விட்டுவிடுவார். அவருக்கும் பெரிதாக ஒன்றும் வராது, வயதான மனிதர், எச்சரிக்கையோடு போகும் என்றார்.

முதலாளியின் அறைக்கு வெளியே உட்கார ஒரு வாங்கு இருந்தது. அவர் அதில் இருந்தார். நான் பக்கத்தில் இருக்கவில்லை. முன்னால் நின்றேன்.

"சேர், எனக்குத் தெரியாது எண்டு மட்டும் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

"தெரிஞ்சுதானே ஒட்டினீர்."

"ஓம். ஆனா வெள்ளிக்கிழமை கடிதம் தாறன் எண்டவை. மூத்தவளுக்கு வயது போகுது. உங்களுக்குத் தெரியும்தானே சேர்."

அவர் எழும்பி என் தோளில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது. அதுதான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியாதது. என்னில் இரக்கம் வந்துதான் அதைச் சொன்னார்.

"செய்தவன்ர பெயரை மறைக்கிறது. அதைத்தான் அவன் எனக்குச் செய்தவன். அதை நான் உமக்குச் செய்யமாட்டன்."

உள்ளே போனோம். முதலாளி யார் செய்தது என்று கேட்டார். அவர் கைகளை முன்னால் கட்டிக்கொண்டு சரியாகப் பிரித்துச் சொன்னார். எழுத்து அவருடையது. ஒட்டியது நான். எழுநூறும் நான் ஒருவனே, வேறு ஒருவரும் கை வைக்கவில்லை. விளங்கித்தான் ஒட்டினேன். நேராக ஒட்டினேன் என்றும் சொன்னார். முதலாளிக்கு எழுதியவரைப் பற்றிக் கவலையில்லை. எழுதுவது அவருடைய தொழிற்சாலையில் நடக்கிற வேலை இல்லை. ஒட்டுவதுதான் வேலை. என்னை மத்தியானத்துக்கு முன்னரே அனுப்பிவிட்டார்கள். அவர் அங்கே இன்னும் ஒன்றரை வருடம் வேலை செய்தார்.

மன்னார் அக்கா வாசல்வரை வந்தார். என் சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டேன் என்று கொண்டுவந்து தந்தார். "அந்தாளை நான் சும்மா விடமாட்டன் தம்பி" என்றார். அடுத்த மூன்று மாதம் அவருடைய மேசையில் மடிப்புகளை மாற்றி மாற்றி வைத்தாராம். ஒவ்வொரு தடவையும் அவர் பிழையைக் கண்டுபிடித்து, செய்தது யார் என்று போர்மனுக்குச் சரியாகச் சொன்னாராம். அக்கா கைவிட்டுவிட்டார்.

நிரந்தர வேலை எனக்குக் கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் போனது. அங்கே இங்கே கோப்பை கழுவினேன், கந்தோர்களில் நிலம் துடைத்தேன். அதற்கெல்லாம் ஒருவரும் கடிதம் தரவில்லை. கடிதம் கையில் வந்தபோது மூத்தவள் எல்லையைத் தாண்டியிருந்தாள். விமானநிலையத்தில் மனைவி இளையவளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஐந்து வருடத்துக்குப் பிறகு அவள் என்னிடம் சொன்ன முதல் வசனம், "மூத்தவளை விட்டிட்டு வந்திட்டன்" என்பது. மூத்தவள் இன்றைக்கும் வவுனியாவில் என் தங்கையோடுதான் இருக்கிறாள்.

அவர் ஒருமுறை தொலைபேசி எடுத்தார். தன் கட்டுரை ஏதோ ஒரு சின்னச் சஞ்சிகையில் வந்துவிட்டது, முதல் அடிக்குறிப்பே எனக்குத்தான், முழுப்பெயரும் ஊரும் போட்டிருக்கிறேன் என்றார். சந்தோசமாக இருந்தார். கடைசியில், "பிள்ளையள் வந்திட்டினமோ?" என்று கேட்டார்.

"ஓராள் வந்திட்டா சேர்."

"நல்லது, நல்லது" என்றார். சஞ்சிகை தபாலில் வந்தது. உறையைப் பிரிக்காமல் பழைய பத்திரிகைகளோடு வெளியே வைத்தேன். வியாழக்கிழமை குப்பை லொறி வந்து எடுத்துக்கொண்டு போனது. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

போன மாதம் அவர் இறந்துவிட்டார். விட்பியிலிருந்து மகன் கூப்பிட்டான். முப்பத்தொன்றாம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறார்களாம். அப்பா என்னைப் பற்றி நெடுகலும் சொல்லுவார், தனக்கென்று நின்ற ஒரே ஒரு மனிதன் என்பார் என்றான். மலருக்கு நானும் எழுதவேண்டுமாம்.

"நாலு லைன் போதும் அங்கிள். ஆனா அப்பான்ர ஃபுல் நேம் வரவேணும். ஹொஸ்பிற்றல்ல அதைத்தான் கேட்டவர். ஆர் எழுதினாலும் பெயரைப் போடச் சொல்லு எண்டு."

யோசித்துச் சொல்கிறேன் தம்பி என்றேன். நாலு வரிக்குப் பதிலாக இவ்வளவையும் எழுதிவிட்டேன். மலருக்கு அல்ல, பத்திரிகைக்கு. எழுத்துப்பிழை பார்க்க இளையவளிடம் கொடுத்தேன். ஊரில் நான் படித்ததைவிட அதிகம் படித்துவிட்டு வந்தவள். சமையலறை மேசையில் வைத்துப் பென்சிலால் திருத்திக்கொண்டு போனவள் கடைசியில் தலையை நிமிர்த்தினாள்.

"அப்பா, முழுக்க எழுதிப்போட்டு ஆளின்ர பெயரை விட்டிட்டீங்கள்."

ஆறு எழுத்துத்தான். எனக்கு எழுதத் தெரியும்.